உண்டியலில் விழுந்த பந்தயம்

விளையாட்டு விடுதி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். அப்பாவின் இருமல் குறைந்ததா? அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படி? நீ டெலிவரிக்குப் போகும்போது ஹெல்மெட்டைத் தலையில் போடுகிறாயா, இல்லை கையில் மாட்டிக்கொண்டு போகிறாயா?

போனில் கேட்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையில், ஸ்பீக்கரில் போட்டு, அவர் பக்கத்தில் நிற்கும்போது "நல்லா கீறேன், சாப்ட்டேன்" என்பதைத் தவிர என்ன பேசுவது? அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சிரிக்காதே, இங்கே எல்லாப் பெண்களும் கடிதம்தான் எழுதுகிறார்கள்.

ஜனவரி கடைசியில் தேர்வு. இருபத்து மூன்று பேர். சாலையில் தனித்தனியாகச் சைக்கிள் ஓட்ட வேண்டும், நேரம் பார்ப்பார்கள். முதல் நான்கு பேருக்குத் தேசிய முகாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான் பெட்டியைக் கட்டினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ஜனவரியில் எனக்குப் பதினெட்டு முடிகிறது. சின்னசாமி மாமா தன் மகன் பிரசாத்துக்குக் கேட்டு வெற்றிலை பாக்கோடு வந்து நிற்பார். அம்மா தன் தம்பிக்கு இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு உதவி செய். என் காசை அனுப்பு. செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரருக்கு இட்லி கொண்டுபோனபோது டிப்ஸாகக் கொடுத்தாரே, "இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்று என் மேல் எறிந்தாயே, அதுதான். பிரான்சில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்துக்காகப் போட்ட நினைவுக் காசு. இங்கே திருட்டுப் போகும் என்று சமையலறைப் பால்பவுடர் டப்பாவில் வைத்துவிட்டு வந்தேன். அதில் ஐந்து பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒருவருக்கும் முகம் கிடையாது, குனிந்த முதுகுகள் மட்டும்தான். குனிந்தவர்களைக் காசில் போட்டு நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? தேர்வு அன்றைக்கு அது என் ஜெர்சிப் பையில் இருக்க வேண்டும்.

அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல்.

உன் தங்கை,
கவிநிலா


வேங்கிக்கால்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள கவிக்கு,

எல்லோரும் நலம். நீ கேட்டபடி ஹெல்மெட் தலையில்தான் இருக்கிறது. அப்பாவின் இருமல் கீழ்பென்னாத்தூர் நிலத்துக்குப் போனால் குறைகிறது, வீட்டுக்கு வந்தால் அதிகமாகிறது. வேர்க்கடலை பிடுங்குகிற நேரம், அதனால் இப்போதைக்குக் குறைவு. அம்மா வழக்கம்போலக் கலெக்டர் ஆபீசில் கூட்டுகிறாள். காண்டிராக்டர் மாறிவிட்டான். புது ஆள், புது விசில், அதே சம்பளம்.

என் விஷயம் என்ன சொல்ல? மெக்கானிக்கல் இஞ்சினியர், கையில் சாம்பார்ப் பொட்டலம். என் வண்டி நின்றுவிட்டது. இப்போது கூட டெலிவரி செய்கிற தசரதனும் நானும் ஒரே வண்டியில் ஓட்டுகிறோம். பகல் எனக்கு, ராத்திரி அவனுக்கு. நான் இறங்கி சீட்டு ஆறுவதற்குள் அவன் ஏறி உட்கார்ந்துவிடுவான். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையை அடைத்துவிடுகிறார்கள். பெரிய மனிதர்களின் கார் மட்டும் அடைப்பைத் தாண்டிப் போகிறது, அவர்களுக்கு என்ன பசியோ தெரியவில்லை.

காசுதானே, அனுப்புகிறேன். இந்த வாரம் தலைக்கு மேல் வேலை. பௌர்ணமி கழியட்டும், ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

மாமா விஷயத்தை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. அவர்கள் உன் பதினெட்டுக்காகக் காத்திருப்பது உன் மேல் மரியாதையால் இல்லை, போலீசுக்குப் பயந்து. நீ ஓட்டு.

அண்ணன்,
அறிவுச்செல்வன்


விளையாட்டு விடுதி
19 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாளைக்குத் தீபாவளி. இங்கே ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பௌர்ணமி கழிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. காசு வரவில்லை. ஸ்பீட் போஸ்ட் என்றால் என்ன அர்த்தம் என்று தபால்காரரைக் கேட்கட்டுமா?

பயிற்சி நன்றாகப் போகிறது. வலது முட்டி கொஞ்சம் வலிக்கிறது, வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறேன். சரியாகிவிடும். அறையில் என்னோடு மினதி என்ற ஒடிசாப் பெண் இருக்கிறாள். சைக்கிளைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரி. அவளுக்கும் தேர்வாகாவிட்டால் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார். எல்லா ஊரிலும் ஒரு மாமா இருப்பார் போல.

காசை மறக்காதே.

கவிநிலா


வேங்கிக்கால்
2 நவம்பர் 2025

அன்புள்ள கவிக்கு,

நாங்கள் சுகம். ஒரு வாரமாக மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மழையில் நனைந்துகொண்டு பிரியாணி கொடுத்தால் "ஏம்பா லேட்டு?" என்கிறார்கள். ஒருத்தர் கதவைத் திறக்காமலே சன்னல் வழியாக வாங்கிக்கொண்டார், நான் உள்ளே வந்தால் வீடு நனைந்துவிடுமாம்.

அப்பா கடலை மூட்டையை நல்ல நேரத்தில் கரை சேர்த்துவிட்டார். அம்மாவுக்குக் கால் பரவாயில்லை. பிரசாத்தைக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "கவி நல்லாக்கீதா?" என்று கேட்டுவிட்டு மெக்கானிக் கடைக்குள் ஓடிவிட்டான். பாவம், அவனையும் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

காசு பத்திரமான இடத்தில் இருக்கிறது. கவலைப்படாதே.

முட்டி ஏன் வலிக்கிறது? டாக்டரிடம் காட்டினாயா?

அண்ணன்


விளையாட்டு விடுதி
16 நவம்பர் 2025

அண்ணா,

நலம். பத்திரமான இடம் என்றால் எது? நம் வீட்டில் அப்படி ஒரு இடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

முட்டிக்கு ஒன்றுமில்லை.

கவி


வேங்கிக்கால்
7 டிசம்பர் 2025

அன்புள்ள கவிக்கு,

கார்த்திகை தீபம் முடிந்து ஊர் மூச்சு விடுகிறது. கூட்டம் போன பிறகு தெருவெல்லாம் ஒற்றைச் செருப்புகள். அள்ளுவதற்கு அம்மாவையும் அனுப்பினார்கள். கலெக்டர் ஆபீசுக்கு எடுத்த ஆட்களைத் தெருவுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "நீ சும்மா கெட, நாளிக்கு வேலைக்கு வாணாம்னுடுவான்" என்று அம்மா என் வாயை அடைத்தாள். அப்பாவும் அவளும் சுகமாகத்தான் இருக்கிறார்கள்.

இத்துடன் உன் காசை வைத்திருக்கிறேன். துணியில் சுற்றி, அட்டையில் ஒட்டி, இரண்டு கவர் போட்டிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு.

நன்றாக ஓட்டு.

அண்ணன்


விளையாட்டு விடுதி
20 டிசம்பர் 2025

அண்ணா,

உன் கவர் வந்தது. பிரித்தேன். வெளியே வெள்ளை வளையம், நடுவில் மஞ்சள், அதுவரைக்கும் சரி. ஆனால் அதில் ஒரு கழுகு இருக்கிறது.

கழுகு சைக்கிள் ஓட்டுமா?

தெரியாமல் கேட்கிறேன், அந்தக் காசை நீ ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்கிறாயா?

உண்மையைச் சொல்கிற வரைக்கும் எனக்கு எழுதாதே. அம்மா, அப்பா சுகத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொள்கிறேன்.

கவிநிலா


வேங்கிக்கால்
29 டிசம்பர் 2025

அன்புள்ள கவிக்கு,

கோபமாக இருப்பாய். இருந்துகொள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உன் மேல் எறிந்த அன்று நான் அந்தக் காசைப் பார்க்கவே இல்லை. அந்த வெள்ளைக்காரர் செல்லாத காசைக் கொடுத்து என்னை ஏமாற்றினார் என்ற கடுப்பில் வாங்கினேன், அதே கடுப்பில் உன் மேல் எறிந்தேன். எல்லா வெளிநாட்டுக் காசும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் சக்கரவர்த்தியிடம் ஒரு டிராயர் நிறையக் கிடக்கிறது. உன் காசு இனி வராது என்று தெரிந்த பிறகு, ஏதாவது ஒன்று உன் பையில் இருக்கட்டும் என்று அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி அனுப்பினேன். அவன்கூடக் கேட்டான்: "கழுகா, யானையா, எது வோணும்?" "ரெண்டு கலர்ல கீற எதுனா குடு" என்றேன்.

உன் காசு உண்டியலில் விழுந்துவிட்டது. அண்ணாமலையார் கோவில் உண்டியல். போட்டவள் அம்மா.

அந்தப் பால்பவுடர் டப்பாவில் அம்மா பத்து ரூபாய்க் காசுகளையும் போட்டு வைத்திருந்தாள். நம் ஊர் கதைதான் உனக்குத் தெரியுமே. பேங்கில் செல்லும், டிவியில் செல்லும், நம் தெருக் கடையில் மட்டும் செல்லாது. புரட்டாசிப் பௌர்ணமிக்குக் கோவிலுக்குப் போனவள் டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் மறுநாள் தேடினால் டப்பா காலி.

"மா, இதுல இருந்த காசு எங்க?"

"அந்தப் பத்து ரூபா காசா? எவன் வாங்கறான் அத? மளிகைக்கடைக்காரன் வாணாம்றான், கண்டக்டர் மூஞ்சில அடிக்கிற மாதிரி திருப்பிக் குடுக்கறான். அத்தினியும் உண்டியல்ல போட்டுட்டேன்."

"சாமிக்கு மட்டும் செல்லுமா?"

"அவர் இன்னிக்கு வரிக்கும் எதுனா வாணாம்னு சொல்லிக்கீறாரா?"

"அதுல கவியோட காசு இருந்துச்சுமா. சைக்கிள் போட்ட காசு."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். "அதுவும் ரெண்டு கலர்தானேடா இருந்துச்சு" என்றாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள்தான் சத்தியம் வாங்கினாள். நீ தோற்றுவிட்டால் தன்னால்தான் என்று நினைப்பாயாம். மாமா வீட்டுக்குப் பெண் கொடுக்க வேண்டும் என்று இவ்வளவு நாளும் சொன்ன அதே அம்மாதான்.

அந்த மாதக் கடைசியில் உண்டியல் எண்ணினார்கள். தொண்டர்களில் ஒருவனாக நானும் போனேன். சாமி கும்பிடாத பயல் ஈரத் தலையோடு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தேன், நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். மலைபோல் காசு. வெளிநாட்டுக் காசை மட்டும் தனித் தட்டில் போட வேண்டும். மதியத்துக்கு மேல் என் கைக்கே அது வந்தது. அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஐந்து முதுகுகள். கடைசி ஆளின் சக்கரம் பாதி காசுக்கு வெளியே போயிருக்கிறது. வண்டி ஓட்டிப் பிழைக்கிற எனக்கு அந்த முதுகு வலி தெரிந்தது, கவி.

அங்கிருந்த அலுவலரிடம் சொன்னேன். அவர் நல்ல மாதிரிதான் பேசினார். "உள்ள வுழுந்துட்டா அது சாமியோடதுப்பா. கல்யாண மோதிரமே வுழுந்துகீது, அழுதுட்டுப் போயிருக்காங்க" என்றார். காசு கையில் இருந்தது. வேட்டி மடிப்பில் செருகியிருக்கலாம். செருகவில்லை. நேர்மை எல்லாம் ஒன்றும் இல்லை, தலைக்கு மேல் கேமரா இருந்தது. தட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

இதுதான் உண்மை. இப்போது நீ சொல். நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், வலிக்கிறது என்று நீ வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. அந்த முட்டிக்கு என்ன?

அண்ணன்,
அறிவு


விளையாட்டு விடுதி
9 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மினதிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர்கள் ஊரில் பத்து ரூபாய்க் காசு செல்லுமாம்.

அம்மாவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். போனில் நான் சொன்னால் அழுவாள், வார்டன் வேறு என்னமோ ஏதோ என்று நினைப்பார்.

முட்டி விஷயம் இதுதான். என் உயரத்துக்கு விடுதியில் இருந்தவை இரண்டு சின்ன சைக்கிள்கள். ஒன்றில் விரிசல் விட்டு, ரிப்பேருக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள், இன்னும் எழுதிப் போட்டபடியே இருக்கிறது. மற்றது ஜஸ்லீனுக்கு. அவள் அப்பா பெரிய அதிகாரி. நான் ஓட்டுவது என்னைவிட ஒரு அளவு பெரிய வண்டி. சீட்டை அடிவரைக்கும் இறக்கினாலும் மிதியின் அடிப்பக்கத்துக்குக் காலை இழுத்துத்தான் எட்ட வேண்டியிருக்கிறது. நான்கு மாதமாக இப்படித்தான். சின்ன வண்டியில் ஒரே ஒரு நாள், ஜஸ்லீனுக்குக் காய்ச்சல் வந்தபோது, ஓட்டினேன். அன்றைக்கு இரண்டாவது வந்தேன். என் வண்டியில் ஒன்பதாவது, பத்தாவது.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று தெரியும். பேஸ்புக்கில் எழுதுவாய். மந்திரிக்கு மனுப் போடுவாய். செய்யாதே. நீ அங்கே கத்தினால் இங்கே என் சைக்கிள் ஒரு அங்குலம்கூடக் குறையாது, என் பேர்தான் கெடும். ஜஸ்லீன் கெட்டவள் இல்லை. கொடுத்த வண்டியை ஓட்டுகிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கவி


வேங்கிக்கால்
14 ஜனவரி 2026

அன்புள்ள கவிக்கு,

நாளைக்குப் பொங்கல். நீ இல்லாமல் அம்மா கோலத்தைச் சின்னதாகப் போடப்போகிறாளாம். எல்லோரும் சுகம்.

உன் கடிதம் வந்த அன்று இரண்டு பக்கம் மனு எழுதினேன். கிழித்துவிட்டேன். நீ கேட்டாய் என்பதற்காக மட்டும். அதிகாரி பெண்ணுக்கு அளவான வண்டி, கூட்டுகிறவள் பெண்ணுக்கு அளவில்லாத வண்டி என்று இருப்பதை எவனும் தவறு என்றுகூட நினைக்கவில்லை பார், அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தேர்வில் எல்லோரும் ஒரே நேரத்திலா கிளம்புகிறீர்கள்? தனித்தனியாக என்று எழுதியிருந்தாயே. அப்படியானால் ஜஸ்லீன் ஓட்டி முடித்த பிறகு அந்த வண்டி சும்மாதானே நிற்கும்?

தசரதனும் நானும் ஒரே வண்டியில்தான் இரண்டு குடும்பத்துக்குச் சோறு போடுகிறோம்.

அண்ணன்


விளையாட்டு விடுதி
1 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணா, அம்மா, அப்பா மூவருக்கும்,

அண்ணா, இதைச் சத்தமாகப் படித்துக்காட்டு. நான் சுகம். முட்டியும் சுகம்.

உன் கடிதம் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. நேராக ஜஸ்லீனிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான்கு மாதம் என் பக்கத்து மேசையில் சாப்பிடுகிறாய், ஒரு வார்த்தை சொன்னாயா?" என்று இந்தியில் கத்தினாள்.

இரண்டு பேரும் பயிற்சியாளரிடம் போனோம். வரிசை ஏற்கெனவே முடிவாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: ஒரே வண்டி என்பதால் ஒருத்தி முதலில் கிளம்ப வேண்டும், இன்னொருத்தி கடைசியில். மினதி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று இருபத்து மூன்று பேரும் சொன்னோம். அவர் வரிசைத் தாளில் முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் எங்களுக்காகக் காலி செய்தார். பிறகு, "இத்தனை வருஷத்தில் இது எனக்கு ஏன் தோன்றவில்லை?" என்றார். தோன்ற வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. நீயாக இருந்தால் அதை அவரிடமே சொல்லியிருப்பாய், அண்ணா.

முதலில் போவதுதான் நல்லது. காலையில் காற்று இருக்காது. யார் முதலில் என்று உன் கழுகை வைத்துச் சுண்டினோம். கழுகு விழுந்தால் ஜஸ்லீன். கழுகுதான் விழுந்தது. எனக்குக் கடைசி, வெயில், எதிர்க்காற்று.

ஜஸ்லீன் ஓட்டி முடித்து இறங்கினாள். என் முறை வருவதற்குள் மினதியும் தன் முறையை முடித்துவிட்டு, வியர்வை காயாமல் ஓடிவந்து, ஸ்பேனர் போட்டு எனக்கு ஏற்றபடி சீட்டை மாற்றிக் கொடுத்தாள். நான் ஏறினேன். காலை இழுக்காமல் மிதி கிடைத்தது. வேறெதுவும் நினைவில்லை.

நான் நான்காவது. ஜஸ்லீன் இரண்டாவது.

ஐந்தாவது மினதி. எனக்கும் அவளுக்கும் மூன்று நொடி. அவள் நேற்றுக் காலை ரயிலுக்குப் போய்விட்டாள். "இரு, அழாதே, மறுபடி வருவேன்" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அவள் வீட்டு முகவரி வாங்கியிருக்கிறேன். அந்தப் பெரிய வண்டியையும், ரிப்பேர் ஆகாத வண்டியையும் பற்றி நாங்கள் நால்வரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இனி என் பேர் கெட்டால் கெடட்டும். அண்ணா, இப்போது நீ மனு எழுதலாம். நன்றாகக் கோபமாக எழுது.

முகாம் மார்ச்சில். மாமாவிடம் என்ன சொல்வீர்கள்?

உங்கள்,
கவிநிலா


வேங்கிக்கால்
10 பிப்ரவரி 2026

எங்கள் கவிக்கு,

மூவரும் சுகம். சத்தமாகத்தான் படித்தேன். நான்காவது என்றதும் அப்பா, "நாலுபேர எடுப்பாங்கன்னுதான சொன்னாங்க? அஞ்சு இல்லியே?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு வெளியே போய் இருமிவிட்டு வந்தார். அது இருமல் இல்லை. மினதியைப் பற்றிப் படித்தபோது அம்மா, "அந்தப் பொண்ணுக்கு எதுனா எழுதுடா" என்றாள். மனுவில் அவள் பேரையும் சேர்த்திருக்கிறேன். நான்கு பக்கம் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு தார் வாழைப்பழம். பிரசாத் வரவில்லை. அம்மா டீ வைத்துக் கொடுத்தாள். மாமா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னாக்கா, தை முடியப் போவுது. பொண்ணு எப்ப வருது?"

"வர நாளாவும்ப்பா."

"நாளாவும்னா? எவ்ளோ நாளு? ஒரு கணக்கு வாணாமா?"

நான் எழுந்தேன். அம்மா என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"இப்ப அவ சைக்கிள் மேல கீறா. எறங்கனாத்தான கேக்க முடியும்? எறங்கட்டும், கேட்டுச் சொல்றேன்."

"நீயா பேசற, இல்ல உன் புள்ள சொல்லிக் குடுத்தானா?"

"நான்தான் பேசறேன். பழத்த எடுத்துக்கினு போ, புள்ளிங்களுக்கு ஆவும்."

மாமா டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். தெருமுனை வரைக்கும் பழத்தாரோடு அவர் போவதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, ஆறிப்போன அந்த டீயை எடுத்துத் தானே குடித்தாள்.

எப்போதும் உன் நலம் கேட்கும்,
அண்ணன்